25 வயது, கையில் ஐ.டி. வேலை: இனி ராணுவ அதிகாரி ஆக முடியுமா?

கேள்வி இதுதான்: "மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து மூன்று வருடமாகச் சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். போன மாதம் 25 முடிந்தது. கல்லூரியில் என்.சி.சி.யில் இல்லை. ராணுவத்தில் அதிகாரியாகச் சேர வேண்டும் என்ற எண்ணம் இப்போதுதான் உறுதியாகியிருக்கிறது. இன்னும் வழி இருக்கிறதா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகத் தயாராகலாமா?"

வழி இருக்கிறது. வேலையை இப்போது விடாதீர்கள். குறுகிய காலப் பணியில் அதிகாரியாக இருந்து வெளியே வந்தவன் நான். ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்குப் போகிற இளைஞர்களோடு உட்கார்ந்து பேசுவதும் அவர்களைத் தயார்படுத்துவதும் இப்போது என் வழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் தங்கள் மூன்று வருடத்தை ஒரு தாமதமாக நினைத்து மறைக்கப் பார்க்கிறார்கள். உங்களிடம் இருக்கிற பெரிய பலமே அந்த மூன்று வருடம்தான்.

முதலில் வயதுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பட்டதாரிகள் எல்லோருக்கும் தெரிந்த வழி யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வு. அதில் டேராடூன் இந்தியன் மிலிட்டரி அகாடமிக்கும் எழிமலை கடற்படை அகாடமிக்கும் 24 வயது வரை. விமானப்படை அகாடமிக்கும் பொதுவாக 24. சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வுக்கு 25 வரை. இந்த வயது பயிற்சி தொடங்கும் காலத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது, தேர்வு எழுதும் நாளை வைத்து அல்ல. ஏப்ரல் வாக்கில் தேர்வு எழுதித் தேறியவர் ஓ.டி.ஏ. வாசலுக்குள் நுழைவது அடுத்த வருடம் ஏப்ரலை ஒட்டி. ஆகவே 25 வரை என்று போட்டிருந்தால் 24 வயதை ஒட்டியே எழுதியிருக்க வேண்டும். "இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே" என்று இருந்து ஏமாந்தவர்கள் நிறைய. உங்களுக்கு இந்தக் கதவு மூடிவிட்டது. விமானப்படையின் ஏ.எஃப்.கேட் தேர்வில் தரைப்பணிக்கு 26 வயது வரை இடம் உண்டு, ஆனால் அதுவும் பயிற்சி தொடங்கும் தேதிப்படிதான். எனவே அதையும் நம்பியிருக்க முடியாது. கடற்படையின் குறுகிய காலப் பணிகளிலும் பெரும்பாலான கிளைகளுக்கு எல்லை 25ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது.

உங்களுக்குத் திறந்திருப்பவை பொறியியல் பட்டதாரிகளுக்கான இரண்டு நேரடி வழிகள். ஒன்று டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸ், சுருக்கமாக டி.ஜி.சி. ஆண்களுக்கானது, பயிற்சி டேராடூனில், கிடைப்பது நிரந்தரப் பணி. இன்னொன்று ஷார்ட் சர்வீஸ் கமிஷன் டெக்னிக்கல், சுருக்கமாக எஸ்.எஸ்.சி. டெக். ஆண், பெண் இருவருக்கும் உண்டு, பயிற்சி ஓ.டி.ஏ.வில், கிடைப்பது குறுகிய காலப் பணி. இரண்டுக்கும் வயது 20 முதல் 27. இரண்டுக்கும் திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும், பயிற்சி முடியும் வரை திருமணம் செய்துகொள்ளவும் கூடாது. வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தால் இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

இவற்றுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பொறியியல் மதிப்பெண் சராசரியை வைத்து ஒரு கட்ஆஃப் போட்டு நேராக எஸ்.எஸ்.பி.க்கு அழைக்கிறார்கள். கட்ஆஃப் பாடப்பிரிவுக்குப் பிரிவு, முறைக்கு முறை மாறும். இங்கே கணக்கில் வருவது நீங்கள் படித்த பிரிவு. ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்த்தாலும் நீங்கள் மெக்கானிக்கல் பட்டியலில்தான் வருவீர்கள். உங்கள் பட்டத்தின் பெயர் அறிவிக்கையில் இருக்கும் பிரிவுகளோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். "மெக்கானிக்கல் அண்ட் ஆட்டோமேஷன்" போன்ற பெயர்கள் எந்தப் பிரிவுக்குச் சமம் என்பதையும் அங்கேயே கொடுத்திருப்பார்கள். இரண்டு வழிகளுக்கும் வருடத்துக்கு இரண்டு முறை அறிவிக்கை வருகிறது. அறிவிக்கைக்கும் பயிற்சி தொடங்குவதற்கும் இடையே ஓடும் மாதங்களைக் கழித்தால் 27க்குள் உங்களுக்கு மூன்று நான்கு வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்றையும் தவற விடாமல் எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்.சி.சி. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் ஓ.டி.ஏ.வுக்கான எஸ்.எஸ்.பி.க்குப் போகலாம், 25 வயதுக்குள். சட்டம் படித்தவர்களுக்கு ஜாக் என்னும் ராணுவச் சட்டப் பிரிவு, 27 வரை. இப்போது அதற்கு முதுநிலை கிளாட் மதிப்பெண் கேட்கிறார்கள். கால்நடை மருத்துவர்களுக்கு 32 வயது வரை இடம் உண்டு, சேரும்போதே கேப்டன். எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு ஆயுதப்படை மருத்துவப் பணியில் தனி வழி இருக்கிறது, அவர்களும் கேப்டனாகவே சேர்கிறார்கள். திருமணம் அங்கே தடையில்லை. பி.எஸ்சி. நர்சிங் படித்த பெண்கள் ராணுவச் செவிலியர் பணியில் லெப்டினன்ட்டாகச் சேரலாம். இந்த விவரம் நம் கல்லூரிகளில் பலருக்கும் தெரியாமலே போகிறது, நல்ல பிள்ளைகள் வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள்.

27 தாண்டியவர்களுக்கு டெரிடோரியல் ஆர்மி இருக்கிறது. 1949 அக்டோபர் 9 அன்று அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தொடங்கி வைத்த படை. 18 முதல் 42 வயது வரை, பட்டம் பெற்று வேலையிலோ தொழிலிலோ வருமானம் ஈட்டுகிறவர்கள் அதிகாரியாக விண்ணப்பிக்கலாம். தன் வேலையை வைத்துக்கொண்டே வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் சீருடை போட வேண்டும். நாடு கூப்பிட்டால் முழுநேரமாகப் போக வேண்டும். எழுத்துத் தேர்வு, முதல்கட்ட நேர்முகம், பிறகு மற்றவர்களுக்கு உள்ள அதே எஸ்.எஸ்.பி. ஆனால் இடங்கள் மிகக் குறைவு. அதோடு இதை நிரந்தர வருமானமாகக் கணக்குப் போடக் கூடாது. உங்கள் 27 வயது கடக்கும் வரை இதை நினைக்க வேண்டாம்.

இனி எஸ்.எஸ்.பி. உண்மையான கேள்வியே இங்குதான். சர்வீசஸ் செலக்ஷன் போர்டு என்பது ஐந்து நாள் தேர்வு. ராணுவத்துக்கு பிரயாக்ராஜ், போபால், பெங்களூரு, ஜலந்தர் ஆகிய ஊர்களில் மையங்கள் உண்டு. ரயில் நிலையத்திலிருந்து அவர்களே அழைத்துப் போவார்கள். தங்குமிடமும் சாப்பாடும் அங்கேயே. சட்டைமேல் கட்டிக்கொள்ள ஒரு எண் கொடுப்பார்கள். அந்த ஐந்து நாளும் உங்கள் பெயர் அந்த செஸ்ட் நம்பர்தான்.

முதல் நாள் ஸ்கிரீனிங். முதலில் அறிவுத்திறன் தேர்வு. அடுத்து ஒரு மங்கலான படத்தை 30 விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுதச் சொல்வார்கள். பிறகு அரைவட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லி, எல்லோரும் சேர்ந்து ஒரே கதைக்கு வர வேண்டும். இங்கே பலர் கத்துகிறார்கள். பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இடத்தில் கத்தி ஜெயிக்க முடியாது. ஒரு நொடி இடைவெளி கிடைக்கும்போது, "செஸ்ட் நம்பர் 7 சொன்னதில் ஒன்று சரி, படத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், அங்கிருந்து தொடங்குவோம்" என்கிறவரை மதிப்பிடுபவர் கவனிக்கிறார். தினமும் காலையில் டீம் மீட்டிங்கில் உட்காருகிறவர் நீங்கள். பத்துப் பேர் பேசும்போது விஷயத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது உங்களுக்குப் பழகிய வேலை. அதையே செய்யுங்கள். தேறாதவர்கள் அன்றைக்கே ஊர் திரும்புகிறார்கள்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வுகள். 11 படங்களும் ஒரு வெற்றுத் தாளும், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடத்தில் ஒரு கதை. பிறகு 60 சொற்கள், திரையில் ஒரு சொல் வந்தால் 15 விநாடியில் மனதில் தோன்றுவதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். அடுத்து 60 சூழ்நிலைகள், 30 நிமிடம். கடைசியாக உங்களைப் பற்றிப் பெற்றோர், ஆசிரியர், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று 15 நிமிடத்தில் எழுதுவது.

பயிற்சி மையங்கள் பெரும்பாலும் கெடுதல் செய்வது இந்த இடத்தில்தான். எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி நான்கைந்து கதைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். வெள்ளம் வருகிறது, நாயகன் ஊரைக் காப்பாற்றுகிறான், கலெக்டர் பாராட்டுகிறார். அதே கதையை அந்த உளவியலாளர் எத்தனையோ பேர் கையெழுத்தில் படித்துவிட்டார். 60 சொற்கள் பதினைந்து பதினைந்து விநாடியாக ஓடும்போது மனப்பாடம் இருபதாவது சொல்லிலேயே தீர்ந்துவிடும், அதற்கப்புறம் வருவது நீங்கள்தான். முதல் இருபது வாக்கியத்தில் ஒரு ஆளும் மிச்சத்தில் வேறொரு ஆளும் தெரிந்தால் அது தாளிலேயே தெரியும். நம் ஊரில் மனம், வாக்கு, காயம் என்று சேர்த்துச் சொல்வோமே, எஸ்.எஸ்.பி.யின் கட்டமைப்பே அதுதான். மனதை உளவியலாளர் பார்க்கிறார், வாக்கை நேர்முகம் காணும் அதிகாரி பார்க்கிறார், செயலை மைதானத்தில் குழுப் பணிகளை நடத்தும் அதிகாரியான ஜி.டி.ஓ. பார்க்கிறார். மூன்று பேரும் தனித்தனியாக மதிப்பிட்டுக் கடைசி நாளில் ஒன்றாக உட்காருகிறார்கள். மூன்றிலும் ஒரே ஆள் தெரிய வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் இன்ஜினியர். மாதிரி நேர்முகத்தில் அவனிடம் தலைமைப் பண்புக்கு ஒரு உதாரணம் கேட்டேன். கல்லூரி சிம்போசியத்தில் ஒருங்கிணைப்பாளராக இருந்ததை அழகான ஆங்கிலத்தில் ஒப்பித்தான். வேலையில் ஒன்றும் நடக்கவில்லையா என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். இரவு ஷிப்டில் ஒரு பிரஸ் மெஷினில் பாதுகாப்பு சென்சார் வேலை செய்யவில்லை. விடிவதற்குள் லோடு போக வேண்டும், மெஷினை ஓட்டச் சொல்லி போனில் நெருக்கடி. இவன் ஓட்ட விடவில்லை. பேச்சு வாங்கினான். கூட இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களை உட்கார்த்தி அடுத்த மெஷினுக்கு அச்சை மாற்றி, லோடில் முக்கால்வாசியை அனுப்பினான். இதை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டால், "திட்டு வாங்கிய விஷயம், இதைப் போய் எப்படிச் சொல்வது" என்றான். அதிகாரியிடம் ராணுவம் எதிர்பார்க்கிற குணம் எதுவோ அது முழுக்க அந்த இரவில் இருக்கிறது. தன் கீழே இருப்பவனின் கையைப் பற்றிய கவலை, மேலே இருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குவது, இருப்பதை வைத்து வேலையை முடிப்பது. சிம்போசியத்தில் அதெல்லாம் இல்லை.

உங்களுக்கும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். நள்ளிரவில் சர்வர் விழுந்தது, புதிதாகச் சேர்ந்தவர் செய்த பிழை வாடிக்கையாளர்வரை போனது, பிடிக்காத ஒருவரோடு ஆறு மாதம் வேலை பார்த்தது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், என்ன செய்யத் தவறினேன் என்று உள்ளது உள்ளபடி எழுதினால் போதும். உளவியல் தேர்வில் எழுதும் கதைகளுக்கும் நேர்முகத்துக்கும் இதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியாது.

நேர்முகத்தின் அடிப்படை நீங்கள் முன்கூட்டி நிரப்பிக் கொடுக்கும் பி.ஐ.க்யூ. படிவம். அப்பா, அம்மா தொழில், வருமானம், பத்தாம் வகுப்பு முதல் மதிப்பெண், விளையாட்டு, பொழுதுபோக்கு, முன்பு எத்தனை முறை எஸ்.எஸ்.பி. வந்தீர்கள் என்று எல்லாம் இருக்கும். அதிகாரி ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு கேள்விகளைத் தொடுத்துக் கேட்பார்: ஒன்பதாம் வகுப்பிலிருந்து உங்கள் மதிப்பெண் என்ன, எங்கே குறைந்தது, ஏன் குறைந்தது, எந்த ஆசிரியரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது, நெருங்கிய நண்பன் யார், அவனிடம் உங்களுக்குப் பிடிக்காதது என்ன, இப்படி. எல்லாவற்றையும் நினைவில் வைத்து வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு விட்டுப்போனால் "மறந்துவிட்டது சார், மீண்டும் சொல்ல முடியுமா" என்று கேட்பதில் குற்றமில்லை. உங்களிடம் கட்டாயம் வரும் கேள்வி, "நல்ல சம்பளம் வருகிறதே, ஏன் விட்டு வருகிறீர்கள்?" நாட்டுப்பற்று என்று ஒரு சொல்லில் முடித்தால் அடுத்த கேள்வி, "மூன்று வருடமாக அது எங்கே இருந்தது?" என்று வரும். இதற்கான விடையை நான் சொல்லித் தர முடியாது. ஐ.டி. வேலை அலுத்துவிட்டது என்பது மட்டுமே காரணமாக இருந்தால் அதை உங்களுக்கு நீங்களே முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ராணுவத்திலும் கோப்பு உண்டு, கணக்கு உண்டு, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் ஒரே வேலை உண்டு. அந்த அலுப்பை அது தீர்க்காது.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் மைதானம். குழு விவாதம், வரைபட மாதிரியை வைத்துத் திட்டமிடுதல், மூன்று நிமிடப் பேச்சு, தனிநபர் தடைகள் பத்து, பிறகு குழுவாகச் செய்யும் பணிகள். புரோகிரசிவ் குரூப் டாஸ்க் என்று ஒன்று. தரையில் கோடு போட்ட பகுதி முழுவதும் ஆறு என்று வைத்துக்கொள்ள வேண்டும். இடையிடையே சில முளைகளும் மேடைகளும் இருக்கும். கையில் ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு, கூடவே தூக்கிப்போக ஒரு சுமை. சிவப்பு அடித்த இடத்தை ஆளும் தொடக் கூடாது, பொருளும் படக் கூடாது. நான்கு அடிக்கு மேல் இடைவெளி என்றால் தாண்டக் கூடாது, பாலம் போட வேண்டும். தலைவர் என்று யாரையும் நியமிக்க மாட்டார்கள்.

பலகை அடுத்த மேடைக்கு இரண்டடி எட்டாமல் நிற்கும். எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அப்போது ஒருவர் பலகையை முன்னே நீட்டி, இந்தப் பக்க முனையில் இருவரை உட்காரச் சொல்லி, எடை குறைந்த ஆளை முனைவரை நடந்து தாண்டச் சொல்வார். யோசனை சொன்னவரும், அதை ஏற்று மறுபேச்சில்லாமல் பலகையில் உட்கார்ந்தவரும், தானே போகிறேன் என்று முன்வந்தவரும், சுமையை மறந்துவிட்டோம் என்று நினைவுபடுத்தியவரும் ஜி.டி.ஓ.வின் குறிப்பேட்டில் ஏறுகிறார்கள். நீங்கள்தான் யோசனை சொல்ல வேண்டும் என்று இல்லை. கமாண்ட் டாஸ்க் வரும்போது ஒவ்வொருவரும் தளபதியாக இருந்து, குழுவிலிருந்து இரண்டு பேரைத் துணைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரும்பத் திரும்ப யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். சத்தம் போட்டவரை எப்போதாவது கூப்பிடுவார்கள், கூடவே நின்று வேலை பார்த்தவரை எப்போதும் கூப்பிடுவார்கள்.

ஆங்கிலம் பற்றி நம் பிள்ளைகளுக்கு இருக்கும் பயம் அளவுக்கு மீறியது. இலக்கணத்துக்கு அங்கே மதிப்பெண் இல்லை. சொல்ல வந்தது தடையில்லாமல் வெளியே வர வேண்டும், அவ்வளவே. தினமும் ஒரு மணி நேரம் ஒரு நண்பரோடு அன்றைய செய்தித்தாள் விஷயத்தை ஆங்கிலத்தில் பேசிப் பழகுங்கள். ஹிந்தி தெரியாததும் தடையில்லை. ஆனால் சேர்ந்தபின் கற்றுக்கொண்டே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் சிப்பாய்களோடு அவர்கள் மொழியில் பேசாமல் அதிகாரியாக இருக்க முடியாது. மேஜர் முகுந்த் வரதராஜன் பி.காம். படித்தவர், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியல் டிப்ளமா பெற்றவர். ஓ.டி.ஏ.வில் பயிற்சி முடித்து 2006ல் ராஜ்புத் ரெஜிமென்ட்டில் அதிகாரியானார். சென்னையில் வளர்ந்த ஒரு வணிகவியல் பட்டதாரி வடநாட்டுச் சிப்பாய்களுக்குத் தலைவராக நின்றார். 2014 ஏப்ரலில் ஷோபியானில் உயிர்த்தியாகம் செய்த அவருக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது.

உடல்தகுதியை இன்றிலிருந்தே தொடங்குங்கள். மூன்று வருடம் நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு மூன்று வாரத்தில் திரும்பாது. அறிவிக்கைகளில் 2.4 கிலோமீட்டரைப் பத்தரை நிமிடத்தில் ஓடுவது, 40 தண்டால், 6 புல்அப் என்ற அளவில் எதிர்பார்க்கிறார்கள். நீச்சலும் தெரிந்திருந்தால் நல்லது. எஸ்.எஸ்.பி.யில் தேறியவர்களுக்கு ராணுவ மருத்துவமனையில் விரிவான பரிசோதனை நடக்கும். கூடுதல் எடை, காதில் அழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, தட்டைப்பாதம், நிற்கும்போது முழங்கால்கள் உரசுவது, ரத்த அழுத்தம் இவற்றில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். விண்ணப்பிக்கும் முன்பே ஒரு பொது மருத்துவரிடமும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் போய்ப் பார்த்துவிடுங்கள். சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். தகுதியில்லை என்று எழுதினாலும் 42 நாளுக்குள் மேல்முறையீட்டுப் பரிசோதனை உண்டு. பலர் அதில் தேறி உள்ளே போயிருக்கிறார்கள்.

இதற்கு அப்புறம்தான் பலருக்கும் தெரியாத ஒரு கட்டம். எஸ்.எஸ்.பி.யில் தேறி, மருத்துவத்திலும் தேறினால் வேலை கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. எஸ்.எஸ்.பி. மதிப்பெண் வரிசையில் மெரிட் லிஸ்ட் போட்டு, எத்தனை இடமோ அத்தனை பேருக்கு மட்டுமே ஜாயினிங் லெட்டர் அனுப்புகிறார்கள். அப்துல் கலாம் எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் முடித்தபின் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், இடம் இருந்தது எட்டு. டி.ஜி.சி.யில் பிரிவுவாரியாக இடங்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கும். ஆகவேதான் வேலையை விடாதீர்கள் என்கிறேன். எஸ்.எஸ்.பி.க்கு ஒரு வார விடுப்பு போதும், மருத்துவத்துக்கு இன்னும் சில நாள். காலையில் ஓட்டம், இரவு ஒரு மணி நேரம் வாசிப்பும் பேச்சும், வார இறுதியில் குழுவாக விளையாட்டு. வேலையோடு இதைச் செய்ய முடியாதவரால் அகாடமியின் கால அட்டவணையைத் தாங்க முடியாது. தவிர, வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்து தயாரானேன் என்று சொல்கிறவரிடம் நேர்முகம் நடத்தும் அதிகாரிக்குக் கேட்க அதிகம் இருக்காது.

நோட்டீஸ் பீரியட் ஒரு உண்மையான சிக்கல். ஜாயினிங் லெட்டர் சில சமயம் பயிற்சி தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்புதான் கைக்கு வரும். உங்கள் நிறுவனத்தில் 90 நாள் நோட்டீஸ் என்றால், மருத்துவத்தில் தேறியதுமே மேலாளரிடம் நேரில் சொல்லிவையுங்கள். பணம் கட்டி முன்கூட்டி வெளியேற வழி இருக்கிறதா என்று பணி ஒப்பந்தத்தைப் பாருங்கள், அதற்கான தொகையைச் சேர்த்தும் வையுங்கள். ராஜினாமா கடிதம் மட்டும் ஜாயினிங் லெட்டர் கையில் வந்தபின்.

டி.ஜி.சி.யா, எஸ்.எஸ்.சி. டெக்கா என்றால், இரண்டும் கிடைத்தால் என் தேர்வு உங்கள் விஷயத்தில் டி.ஜி.சி. ஏற்கெனவே ஒரு முறை தொழிலை மாற்றுகிறீர்கள், 37 வயதில் இன்னொரு முறை மாற்றும்படி நிற்க வேண்டாம். குறுகிய காலப் பணி பத்து வருடம், விரும்பினால் மேலும் நான்கு. பத்தாவது வருடத்தில் நிரந்தரப் பணிக்கு விருப்பம் கொடுக்கலாம், எல்லோருக்கும் கிடைக்கும் என்று உறுதியில்லை. அதோடு வெளியே வந்தால் ஓய்வூதியம் கிடையாது. அதற்காக அதைக் குறைவாகவும் நினைக்காதீர்கள். வெளியே வருகிற அதிகாரிகளுக்கு ஐ.ஐ.எம்.களில் ஆறு மாத மேலாண்மைப் படிப்புகள் இருக்கின்றன. ஐந்து வருடமாவது பணியாற்றிய குறுகிய கால அதிகாரிகளுக்கு யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் ஐந்து வருட வயதுத் தளர்வும் உண்டு. பெண்களுக்குப் பொறியியல் வழி எஸ்.எஸ்.சி. டெக்தான். 2020 பிப்ரவரி 17ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின், குறுகிய காலத்தில் சேர்ந்த பெண் அதிகாரிகளும் ஆண்களுக்குச் சமமாக நிரந்தரப் பணிக்குப் பரிசீலிக்கப்பட வேண்டும் என்பது உறுதியாகிவிட்டது.

சம்பளம் ஏழாவது ஊதியக் குழு கணக்கில் லெப்டினன்ட்டுக்கு அடிப்படை 56,100 ரூபாய், ராணுவச் சேவை ஊதியம் 15,500, அதன் மேல் அகவிலைப்படியும் இடத்துக்கேற்ற படிகளும். பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 உதவித்தொகை. இரண்டு வருடத்தில் கேப்டன், ஆறில் மேஜர், பதின்மூன்றில் லெப்டினன்ட் கர்னல். உங்கள் ஐ.டி. சம்பளம் ஐந்து வருடத்தில் இதைத் தாண்டிப் போகலாம். வீட்டுக் கடனோ கல்விக் கடனோ இருந்தால் பயிற்சி வருடத்தில் அதை எப்படிக் கட்டுவது என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

பயிற்சியில் உங்கள் வயதுக்காரர்களுக்கு ஓட்டத்தைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. 26, 27 வயதில் உள்ளே போவீர்கள். உங்களுக்குச் சீனியராக நின்று, "பூட் ஏன் பளபளப்பாக இல்லை" என்று கேட்டுத் தண்டனை தருபவருக்கு 21 வயது இருக்கும். அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே ஐந்து பேர் இருந்தது அங்கே யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் பொருட்டில்லை. முதல் இரண்டு மாதம் இதை முகம் சுளிக்காமல் கடந்தவர்கள், பிறகு தங்கள் பிளட்டூனில் இளைய பிள்ளைகளுக்கு அண்ணனாக ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வரைபட வாசிப்பில் திணறுகிறவனுக்கு இரவில் சொல்லிக் கொடுப்பது, வீட்டு நினைவில் அழுகிறவன் பக்கத்தில் உட்காருவது என்று அந்த வயதுக்கு ஒரு பயன் வந்துவிடும். நடுவில் விருப்பப்பட்டு வெளியேறினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பட்டச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிஷியல் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நிறையத் தொல்லை தருகிறது. ஒன்றில் எழுத்து மட்டும் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மூன்றாவதில் அப்பா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும். ராணுவம் கணக்கில் எடுப்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழை. மற்றவற்றை அதற்குப் பொருந்தும்படி திருத்த விண்ணப்பியுங்கள், பல்கலைக்கழகத்தில் திருத்தம் வர மாதக்கணக்கில் ஆகும். கூடவே எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் அசலாகக் கையில் இருக்கிறதா, சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக மாற்றும் முறையைக் குறிப்பிடும் பல்கலைக்கழகக் கடிதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த அறிவிக்கைக்கு முன் வாங்கி வையுங்கள்.